தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் நெறியாளருடன் ஆய்வுப் பட்டம் முடிப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் ஹானர்ஸ், மாஸ்டர்ஸ், பிஎச்.டி. ஆகிய பட்டங்களுக்காக ஆய்வு செய்யத் தொடங்கும் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஒரு வகையினர் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம் போன்ற டர்பன் வட்டார ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள். வகுப்பு, டியூட்டோரியல், தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் பிறர் நாள் குறித்துக் கொடுத்த மூன்றாண்டு இளங்கலைக்குப் பிறகு, யாரும் நாள் குறிக்காத படிப்பு அவர்களைத் திகைக்க வைக்கிறது. மற்றொரு வகையினர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள். அவர்களில் பலர் தலைப்பைக்கூட 'கைடு' தீர்மானித்துத் தருவார் என்ற எதிர்பார்ப்புடன் விமானம் ஏறுகிறார்கள். இங்கே எல்லோரும் சூப்பர்வைசர் என்று அழைக்கும் நெறியாளர் நாளும் குறிக்கமாட்டார், தலைப்பும் தரமாட்டார். நீங்கள் எழுதிக் கொடுப்பதைப் படித்து, அதில் எங்கே வாதம் நிற்கிறது, எங்கே சரிகிறது என்று சொல்வார். ஆகவே எழுத்தைக் கையில் கொண்டு போகாத மாணவருக்கு எவ்வளவு திறமையான நெறியாளர் அமைந்தாலும் பயன் குறைவு. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் இந்த ஒரு நடைமுறையிலிருந்து பிறப்பவை.

வேலையின் அளவைக் கணக்கிடுதல்

நாட்டின் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் 7-ஆம் நிலையிலும், ஓராண்டு ஹானர்ஸ் 8-ஆம் நிலையிலும், மாஸ்டர்ஸ் 9-ஆம் நிலையிலும், பிஎச்.டி. 10-ஆம் நிலையிலும் வைக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் மூன்றாண்டு பி.ஏ. அல்லது பி.எஸ்சி. முடித்தவர் நேரே மாஸ்டர்ஸில் சேர்ந்துவிடலாம் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் இடையில் ஹானர்ஸ் என்ற படி இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள எந்த நிலைக்கு ஈடாகும் என்பதைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வா மதிப்பிட்டுச் சான்று வழங்குகிறது. அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், சேர்க்கைக் கடிதத்துக்காகக் காத்திராமல் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ பத்து மணி நேர உழைப்பு. ஹானர்ஸ் 120 கிரெடிட். அதில் குறைந்தது 30 கிரெடிட் ஆய்வுக்கு உரியது. மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். முழு ஆய்வேடாக எழுதுவதும் உண்டு, பாடங்களோடு சேர்த்துக் குறைந்தது 60 கிரெடிட் ஆய்வு செய்வதும் உண்டு. பிஎச்.டி. 360 கிரெடிட். இந்த எண்களை விதிப்புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துவிடாமல் உங்கள் வாரத்தோடு பொருத்திப் பாருங்கள். முழு ஆய்வு மாஸ்டர்ஸ் என்றால் 1,800 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் செலவிட முடிந்தவருக்கு அது 45 வாரம். பள்ளியில் ஆசிரியராகவோ வங்கியில் ஊழியராகவோ இருந்துகொண்டு வாரம் 15 மணி நேரம் மட்டுமே ஒதுக்கக்கூடியவருக்கு அது 120 வாரம், அதாவது இரண்டேகால் ஆண்டுக்கும் மேல். பகுதி நேர மாணவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாமல் ஓராண்டில் முடித்துவிடுவோம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்குத் தாளை நெறியாளருடனான முதல் சந்திப்புக்கே எடுத்துச் செல்லலாம். அது அவருக்கும் உதவும்.

நெறியாளரைத் தேடுதல்

கல்வியாண்டு இங்கே பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டு சேர விரும்புபவர் இந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே நெறியாளருக்கு எழுதத் தொடங்கவேண்டும். ஜனவரியில் எழுதினால் பேராசிரியர் விடுமுறையில் இருப்பார், அல்லது அவருடைய இடங்கள் நிரம்பியிருக்கும்.

துறையின் இணையப் பக்கத்தில் உள்ள ஆர்வத் துறைகளின் பட்டியலை மட்டும் நம்பவேண்டாம். அது பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதாக இருக்கலாம். அந்த ஆசிரியர் கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் அவருடைய பெயரைத் தேடி, அவரிடம் முடித்த மாணவர்களின் ஆய்வேடுகள் இரண்டைத் திறந்து, முன்னுரையையும் நன்றியுரையையும் படியுங்கள். நன்றியுரை சடங்கு என்று பலர் தாண்டிவிடுவார்கள். ஆனால் "என் ஒவ்வோர் அத்தியாயத்தையும் மூன்று முறை படித்தார்" என்று எழுதும் மாணவருக்கும், பெயரை மட்டும் குறித்துவிட்டு நகரும் மாணவருக்கும் வேறுபாடு இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் காலத்தை நெருங்குகிறாரா, அடுத்த ஆண்டு ஆய்வு விடுப்பில் செல்கிறாரா என்பதையும் மரியாதையாகக் கேட்கலாம். இங்கே அது தவறாகக் கொள்ளப்படாது.

தமிழ் சார்ந்த தலைப்பை எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழ்த் துறையைத் தேடிக் காலம் கழிக்காமல், வரலாறு, சமயவியல், மொழியியல், கல்வியியல், இசை ஆகிய துறைகளில் உங்கள் கேள்விக்குப் பொருந்தும் ஆசிரியரைத் தேடுங்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அது பெரிய தடை அன்று. தமிழ் மூலங்களைச் சரிபார்க்கக்கூடிய இணை நெறியாளர் ஒருவரை, வேறு பல்கலைக்கழகத்திலோ இந்தியாவிலோ இருந்தாலும், தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தமிழ்ப் பகுதியையும் மூல எழுத்திலும் மொழிபெயர்ப்பிலும் பின்னிணைப்பில் தருவதாக ஒப்புக்கொண்டால், நெறியாளருக்கும் பின்னால் வரப்போகும் தேர்வாளர்களுக்கும் நம்பிக்கை பிறக்கும்.

முதல் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நீங்கள் யார், என்ன படித்தீர்கள் என்பது இரண்டு வரி. எந்தக் கேள்வியை ஆராய விரும்புகிறீர்கள் என்பது ஐந்து அல்லது ஆறு வரி. அவருடைய எந்தக் கட்டுரையை ஒட்டியோ வெட்டியோ அந்தக் கேள்வி எழுந்தது என்பது இரண்டு வரி. முழு நேரமா பகுதி நேரமா, உதவித்தொகை இருக்கிறதா என்பது ஒரு வரி. இணைப்பாக மதிப்பெண் பட்டியலும், நீங்களே எழுதிய பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றும் இருக்கட்டும். "தங்கள் மேலான வழிகாட்டலில் எந்தத் தலைப்பிலும் ஆய்வு செய்யத் தயாராக இருக்கிறேன்" என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். பணிவாக எழுதியதாக நாம் நினைப்போம். படிப்பவருக்கு, இவரிடம் கேள்வி எதுவும் இல்லை என்றே படும். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவதும் உடனே தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பும் ஒப்பந்தமும்

பல பல்கலைக்கழகங்களில் மாணவரும் நெறியாளரும் ஓர் உடன்பாட்டுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதை அலுவலகத் தாளாக நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுபவர்களே அதிகம். உண்மையில் நீங்கள் துணிந்து கேட்கவேண்டிய எல்லாவற்றையும் கேட்பதற்கு அந்தப் படிவம் ஒரு சாக்கு. எத்தனை வாரத்துக்கு ஒரு முறை சந்திப்போம்? அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் கருத்து வரும்? கருத்து தாளில் வருமா, கோப்பின் ஓரத்தில் வருமா, வாய்ச்சொல்லாக வருமா? நெறியாளர் ஊரில் இல்லாத மாதங்களில் யாரைக் கேட்பது? ஆய்விலிருந்து கட்டுரை வெளியானால் ஆசிரியர் பெயர்கள் எந்த வரிசையில் இருக்கும்? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது? இவற்றுக்கான விடைகளை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாக எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

கட்டுரை வெளியீடு பற்றிய கேள்விக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளுக்கும், முடிக்கப்படும் ஆய்வு மாஸ்டர்ஸ், பிஎச்.டி. பட்டங்களுக்கும் அரசின் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்கு மானியம் அளிக்கிறது. எனவே நீங்கள் முடிப்பதில் பல்கலைக்கழகத்துக்கு நேரடி அக்கறை உண்டு. உங்கள் ஆய்விலிருந்து கட்டுரை வரவேண்டும் என்ற அழுத்தமும் உண்டு. இரண்டும் உங்களுக்குச் சாதகமாகவே அமையலாம், வரிசை முன்கூட்டியே பேசப்பட்டிருந்தால்.

அழைக்கும் முறை எளிது. பேராசிரியரை 'ப்ரொஃப்' என்றும், முனைவரை 'டாக்டர்' என்றும் அழைக்கிறார்கள். பெயர் சொல்லி அழையுங்கள் என்று அவரே சொன்னால் அழைக்கலாம், கூச்சமாக இருந்தால் 'ப்ரொஃப்' என்றே தொடரலாம். கடினமானது அழைப்பு அன்று, மறுப்பு. ஆசிரியர் சொன்னதை எதிர்த்துப் பேசாமல் தலையசைத்துவிட்டு, வெளியே வந்து நண்பரிடம் "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த பிள்ளையிடமும் மதுரையில் வளர்ந்த பிள்ளையிடமும் இது ஒன்றுபோலவே காணப்படுகிறது. இங்குள்ள நெறியாளர் தலையசைப்பைப் புரிந்ததற்கான அடையாளமாகவே எடுத்துக்கொள்வார். அடுத்த மாதம் அதே குறையுடன் அத்தியாயம் வரும்போது, நீங்கள் கேட்கவில்லை என்று அவரும், அவர் சொல்லவில்லை என்று நீங்களும் மனம் வருந்துவீர்கள். புரியாத இடத்தில், "நான் புரிந்துகொண்டது இது, சரிதானா?" என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். உடன்படாத இடத்தில், "இந்த ஆவணம் வேறு விதமாகச் சொல்கிறதே, இதை எப்படி எடுத்துக்கொள்வது?" என்று சான்றை முன்வைத்துக் கேளுங்கள். மரியாதை குறையாமல் மறுக்க அது ஒன்றே போதும். வாதம் உங்களுக்கும் அவருக்கும் இடையில் இல்லாமல், உங்கள் இருவருக்கும் ஆவணத்துக்கும் இடையில் நடக்கும்.

தலைப்பைச் சுருக்குதல்

புதியவர் கொண்டுவரும் தலைப்பு ஏறக்குறைய எப்போதும் பெரிதாகவே இருக்கும். 'நட்டால் தமிழர் வரலாறு' என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை, 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே வந்தவர்கள். இதை ஒரு மாஸ்டர்ஸ் ஆய்வேட்டில் அடக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

கேள்வியைச் சுருக்க மூன்று கத்திகள் உண்டு: காலம், இடம், சான்று. கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவையும், குடியேற்ற எண்ணும் பதிவாகியிருக்கின்றன. இவற்றிலிருந்து பத்தாண்டுக் காலத்தை மட்டும் எடுத்து, வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து தனியாக வந்த பெண்களை மட்டும் பின்தொடர்வது என்றால், அது ஒரு தலைப்பு. சான்று எங்கே இருக்கிறது, அதைப் பார்க்க அனுமதி உண்டா, எத்தனை வாரம் பிடிக்கும் என்பதைச் சொல்ல முடியாத தலைப்பு இன்னும் தலைப்பாகவில்லை. குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கும், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் உள்ள அரசு ஆவணக் காப்பகங்களுக்கும், முன்வரைவு எழுதுவதற்கு முன்பே ஒரு முறை நேரில் போய் வாருங்கள். காப்பக ஊழியருடன் நடக்கும் அரை மணி நேர உரையாடல், புத்தகம் பத்தைப் படிப்பதைவிட விரைவாகத் தலைப்பை ஒழுங்குபடுத்திவிடும். அறிவியல் துறைகளில் இதற்கு இணையானது ஆய்வகத்தையும் கருவியையும் நேரில் பார்ப்பது. கருவி பழுதாகிக் கிடக்கிறதா என்பது துறைக் கையேட்டில் எழுதப்பட்டிருக்காது.

நெறிமுறை அனுமதி: அவசரப்படக்கூடாத படி

மனிதர்களிடமிருந்து தகவல் திரட்டும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதி தரவேண்டும். மானுடவியல், சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு ஒரு குழுவும், மருத்துவ ஆய்வுகளுக்கு வேறு குழுவும் இருப்பது வழக்கம். பேட்டி, வினாநிரல், வகுப்பறைக் கவனிப்பு, நோயாளிகளின் கோப்பு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். உங்கள் சொந்தப் பாட்டியும் அடங்குவார்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்ன கப்பல் பட்டியல் ஆய்வைச் செய்யும் மாணவி, மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்த தன் பாட்டியின் நினைவுகளையும் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று எண்ணுவது இயல்பு. பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்றே கைப்பேசியில் பதிந்துவிடலாம் என்று தோன்றும். குடும்ப நினைவாகப் பதிந்து வைப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் தரவாகச் சேர்க்க முடியாது. பின்தேதியிட்டு அனுமதி தரும் வழக்கம் குழுக்களிடம் இல்லை. பேட்டி வேண்டுமென்றால் முன்வரைவிலேயே அதை எழுதி, கேள்விகளின் பட்டியலையும் ஒப்புதல் படிவத்தையும் இணைத்து, அனுமதி வந்தபின் பாட்டியிடம் மறுபடியும் உட்காரவேண்டும். ஒப்புதல் படிவம் பேட்டி தருபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். ஸூலு பேசுபவர்களிடம் செல்வதாக இருந்தால் ஸூலு மொழிபெயர்ப்பையும் இணைக்கவேண்டும்.

இரண்டாவது தடை, இங்கே கேட்கீப்பர் கடிதம் என்று அழைக்கப்படும் நிறுவன அனுமதிக் கடிதம். அரசுப் பள்ளி மாணவர்களிடம் தகவல் திரட்ட மாகாணக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் உங்கள் மாமாவாகவே இருந்தாலும் அவர் வாய்ச்சொல் போதாது. கோயில் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் படிக்க வேண்டுமானால் சங்கத்தின் நிர்வாகக் குழு கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும் என்றால், உங்கள் கால அட்டவணை அதற்கேற்ப நகரும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருப்பதால், பெயர், அடையாள எண், ஒலிப்பதிவு ஆகியவற்றை எங்கே, எத்தனை ஆண்டு, யாருடைய பொறுப்பில் வைத்திருப்பீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதவேண்டும்.

விண்ணப்பம் முதல் முறையிலேயே நிறைவேறும் என்று திட்டமிடாதீர்கள். குழு கேள்விகளுடன் திருப்பி அனுப்பும். பதில் எழுதி மறுபடியும் அனுப்பவேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய மூடிக்கிடப்பதால், நவம்பரில் அனுப்பப்படும் விண்ணப்பம் பெரும்பாலும் புத்தாண்டுக்குப் பிறகே பார்க்கப்படும். காத்திருக்கும் மாதங்களில் இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை எழுதி முடித்துவிடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சந்திப்புகளை நடத்தும் முறை

சந்திப்புக்குக் குறைந்தது ஐந்து வேலை நாளுக்கு முன் எழுத்தை அனுப்புங்கள். முழு அத்தியாயம் வேண்டாம். பத்துப் பக்கம் போதும். மின்னஞ்சலின் மேற்பகுதியில், இந்தப் பக்கங்களில் எதைப் பார்க்கவேண்டும் என்று மூன்று வரியில் சொல்லுங்கள்: வாதத்தின் ஓட்டமா, சான்றின் போதாமையா, கருத்தாக்கத்தின் பொருத்தமா என்று. எதுவும் சொல்லாமல் அனுப்பினால், நெறியாளர் எழுத்துப்பிழையைத் திருத்துவதில் தம் நேரத்தைச் செலவிடக்கூடும். அது அவர் வேலை அன்று, உங்களுக்கும் பயனில்லை. மொழி பற்றிய குறைகளுக்குப் பெரும்பாலான வளாகங்களில் எழுத்து உதவி மையங்கள் இருக்கின்றன, இலவசமாகவே உதவுவார்கள்.

சந்திப்பில் குறிப்பெடுங்கள். ஒலிப்பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீடு திரும்பியதும், தேதியிட்டு, பேசப்பட்டவை, முடிவானவை, அடுத்து நான் தரவேண்டியது, நீங்கள் தரவேண்டியது, அடுத்த சந்திப்பு என்று ஐந்து வரி எழுதி அனுப்பிவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைப் போல ஆய்வு மாணவரைக் காப்பது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நெறியாளர் மறந்தாலும், மாறினாலும், இடையில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலும், அந்த மின்னஞ்சல் வரிசை உங்கள் ஆய்வின் வரலாறாக நிற்கும். ஆண்டு முடிவில் மறுபதிவுக்காகக் கேட்கப்படும் முன்னேற்ற அறிக்கையையும் அதிலிருந்தே அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

திருத்தங்கள் வந்ததும் இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். பிறகு அட்டவணை ஒன்று போட்டு, இடது பக்கம் அவர் கருத்தும், வலது பக்கம் நீங்கள் செய்த மாற்றமும், மாற்றம் செய்யாவிட்டால் அதற்கான காரணமும் எழுதி, அடுத்த வரைவுடன் இணையுங்கள். எல்லாத் திருத்தத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எதையும் கண்டும் காணாததுபோல் விடக்கூடாது. ஒரே கருத்து மூன்றாம் முறையும் ஓரத்தில் எழுதப்படுகிறது என்றால், உறவில் விரிசல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எழுத முடியாமல் போகும் மாதங்களும் வரும். வீட்டில் நோய், வேலை மாற்றம், தைப்பூசக் காவடி விரதம், ஆடி மாதத்தில் மாரியம்மன் கூழ் வழிபாடு, உறவில் ஒரு கல்யாணம் என்று டர்பன் தமிழ்க் குடும்பத்தின் நாட்காட்டி வெற்றிடமாக இருப்பதே இல்லை. காவடி பெரும்பாலும் பதிவுக் காலத்தை ஒட்டியும், தீபாவளி ஆண்டிறுதிச் சமர்ப்பிப்பை ஒட்டியும் வருகின்றன. தீபாவளி இங்கே அரசு விடுமுறையும் அன்று. ஆண்டுத் தொடக்கத்திலேயே இந்த நாட்களைக் கால அட்டவணையில் குறித்து நெறியாளரிடம் காட்டிவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். செய்யக்கூடாதது ஒன்றுதான்: எழுதவில்லையே என்று வெட்கப்பட்டு மறைந்துபோவது. இரண்டு மாத மௌனத்துக்குப் பிறகு எழுதும் மின்னஞ்சல் நான்கு மாத மௌனத்துக்குப் பிறகு எழுதுவதைவிடப் பாதி கடினமானது. பக்கம் எதுவும் இல்லையென்றால், படித்த கட்டுரை ஒன்றைப் பற்றி அரைப் பக்கக் குறிப்போடு போங்கள்.

பணம், விசா, கோப்பு

அரசின் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். இளங்கலை மாணவர்களுக்கானது, மாஸ்டர்ஸ் கனவுடன் அதை நம்பி இருக்கவேண்டாம். ஆய்வுப் பட்டங்களுக்குத் தேசிய ஆய்வு அறக்கட்டளையான என்.ஆர்.எஃப். உதவித்தொகை தருகிறது, அதன் பெரும்பகுதி குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உடையவர்களுக்கும் செல்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் நெறியாளரின் ஆய்வு நிதியிலிருந்து ஏதேனும் கிடைக்குமா என்று முதல் மின்னஞ்சல்களிலேயே கேட்டுவிடலாம். படிப்பு விசாவில் இருப்பவர்கள் வாரம் 20 மணி நேரம் வரை பகுதி நேர வேலை செய்யலாம். பதிவின்போது இந்நாட்டில் பதிவான மருத்துவக் காப்புத் திட்டத்தின் சான்றைக் காட்டவேண்டும். விசா நீட்டிப்புக்கு அது முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தேவையான பதிவுக் கடிதம் உங்கள் முன்னேற்ற அறிக்கையைச் சார்ந்திருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

கோப்புகளை மடிக்கணினியில் மட்டும் வைக்காதீர்கள். திருட்டும் மின்வெட்டும் இங்கே எப்போது வேண்டுமானாலும் நேரலாம். பல்கலைக்கழகம் தரும் இணையச் சேமிப்பிடத்தில் ஒரு படி, வீட்டில் வெளித்தட்டில் ஒரு படி. கட்டணப் போராட்டங்களின்போது நூலகம் சில நாட்கள் மூடப்படுவதும் உண்டு. தேவையான கட்டுரைகளை ஸொட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் முன்கூட்டியே சேர்த்துவைத்தால் வேலை நிற்காது.

உறவு கெட்டுப்போனால்

இரண்டு வாரத்தில் பதில் தருவதாகச் சொன்னவர் ஒரு மாதமாகப் பதில் தரவில்லை என்றால், முதலில் ஒரு நினைவூட்டல். பிறகு நேரில் அலுவலகக் கதவைத் தட்டுதல். அதற்குப் பிறகும் நிலைமை மாறாவிட்டால் துறையின் முதுகலை ஒருங்கிணைப்பாளர், அடுத்து துறைத்தலைவர், அதன்பின் ஆய்வுக்கான டீன் என்று படிப்படியாகச் செல்லவேண்டும். நேரே துணைவேந்தருக்கு எழுதும் நம்மூர் வழக்கம் இங்கே பயன் தராது. மனு கீழேயே திரும்பி வரும், கசப்பும் சேர்ந்து வரும். போகும்போது அந்த ஐந்து வரி மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். புகாரின் தொனியைவிட அது வலுவாகப் பேசும். நெறியாளரை மாற்றிக்கொள்ள விதிகளில் இடமிருக்கிறது. முதலாண்டில் மாற்றுவது எளிது, மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய ஆய்வையே மறுபடியும் தொடங்குவதற்குச் சமம்.

பாலியல் தொல்லை, பணம் கேட்டல், வீட்டு வேலை வாங்குதல் ஆகியவற்றுக்கு இந்தப் படிவரிசை பொருந்தாது. அவற்றுக்குத் தனிப் புகார் அலுவலகங்கள் உண்டு. முதல் முறை நடந்தபோதே அங்கே செல்லவேண்டும்.

சமர்ப்பித்தலும் தேர்வும்

முடிவு நெருங்கும்போது, சமர்ப்பிக்கும் எண்ணத்தை முன்கூட்டியே அறிவிக்கும் படிவம் ஒன்று உண்டு. பல இடங்களில் அதைச் சில மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் தேர்வாளர்களைத் தேடி நியமிக்க அவ்வளவு காலம் ஆகிறது. தேர்வாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் மாணவருக்கு இடமில்லை. அவர்கள் யார் என்பதும் பொதுவாக முடிவு வரும்வரை உங்களுக்குத் தெரியாது. நெறியாளர் தேர்வாளராக இருக்கமாட்டார். தமிழ்நாட்டில் பொது வாய்மொழித் தேர்வுக்குப் பட்டுப்புடவையும் மாலையுமாகக் குடும்பமே திரண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: இங்கே பல பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வே கிடையாது. தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து எழுதி அனுப்பும் அறிக்கையே தீர்ப்பு. அதனால் அவையில் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எதையும் விட்டுவைக்க முடியாது. தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விக்கான பதில் ஆய்வேட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சமர்ப்பிக்கும் முன், பிற எழுத்துகளோடு ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருளான டர்னிட்டினின் அறிக்கை கேட்கப்படும். அதில் வரும் ஒப்புமை விழுக்காடு குற்றச்சாட்டு அன்று. மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்து எண்ணை உயர்த்தும். ஒவ்வொரு நிறமிட்ட பகுதியையும் நெறியாளருடன் உட்கார்ந்து பார்த்து, மேற்கோள் குறி விட்டுப்போன இடங்களைத் திருத்துங்கள்.

அறிக்கைகள் வர மாதங்கள் ஆகும். சிறு திருத்தம், பெரும் திருத்தம், திருத்தி மறுசமர்ப்பிப்பு ஆகியவையே வழக்கமான முடிவுகள். திருத்தமே இல்லாமல் வருவது அரிது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். தேர்வாளர் இருவர் ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்லியிருந்தால் எதை ஏற்பது என்பதை நெறியாளரும் துறையும் சேர்ந்து முடிவு செய்வார்கள். சந்திப்புகளுக்காகப் போட்ட அதே இரண்டு பத்தி அட்டவணையில் இங்கும் ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதி, பக்க எண்ணுடன் கொடுக்கவேண்டும். இறுதிப் படியை நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் சேர்த்தபிறகே பட்டமளிப்பு விழாப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும். பேட்டி தந்தவர்களின் அடையாளம் வெளிப்படும் என்ற அச்சமோ, நூலாக வெளியிடும் எண்ணமோ இருந்தால், ஆய்வேட்டைச் சில காலம் பொதுப் பார்வைக்கு வைக்கவேண்டாம் என்று அப்போதே எழுதிக் கேளுங்கள். இந்தியாவிலோ வேறு நாட்டிலோ பட்டத்தைப் பயன்படுத்தப்போகிறவர்கள், ஊர் திரும்பும் முன்பே சான்றிதழுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையை வாங்கிவிடுங்கள். அங்கே போனபின் தூரத்திலிருந்து அதைப் பெறுவது செலவும் அலைச்சலுமாகிவிடும்.